பவுணில் ஒரு சின்னக் கோடு

கலியாணப் பேச்சு என்றால் "எத்தனை பவுண்?" என்ற கேள்வி வராமல் இருக்காது. அந்தப் பவுண் எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரித்தானியத் தங்கக் காசான சவரினின் மதிப்பு ஒரு பவுண். அதன் எடை 7.99 கிராம். அதனால்தான் எங்கள் ஆட்கள் 8 கிராம் தங்கத்தை ஒரு பவுண் என்கிறார்கள். தமிழ்நாட்டில் அதையே சவரன் என்பார்கள்; அது காசின் பெயரேதான்.

மோர்டனில் நார்தர்ன் லைன் ஏறி, பேங்கில் இறங்கி, கொஞ்சம் நடந்தால் டவர் ஹில். ரோயல் மின்ட் அந்தக் காலத்தில் அங்கேதான் இருந்தது. 1918இல் புழக்கத்தில் இருந்த வடிவத்தில், அங்கே அடித்த சவரினில் இடக்குறி கிடையாது. சிட்னி, மெல்பேர்ண், பேர்த், ஒட்டாவா கிளைகளில் அடித்தவற்றில் ஒரு சின்ன ஆங்கில எழுத்து இருக்கும். அதுதான் மின்ட் மார்க்.

முதலாம் உலகப் போரில் தங்கத்தைக் கப்பலில் அனுப்புவது ஆபத்தாக இருந்தது. அதனால் பம்பாய் நாணயச்சாலைக்குள்ளேயே ரோயல் மின்ட் ஒரு கிளையைத் திறந்தது. 1918 என்ற ஆண்டோடு சுமார் 13 இலட்சம் சவரின்கள் அங்கே அடிக்கப்பட்டன. அவற்றின் குறி, ஆங்கிலத்தில் இந்தியா என்று எழுதும்போது வரும் முதல் எழுத்து. பார்த்தால் ஒரு நேர்க்கோடு, அவ்வளவுதான். சிக்கலும் அதில்தான்: குறியைக் கீறல் என்று நினைக்கலாம், கீறலைக் குறி என்று சொல்லி விற்கவும் செய்யலாம்.

நான் பார்க்கும் முறை இது. குதிரைவீரன் பறவைநாகத்தைக் குத்தும் பக்கத்தைத் திருப்புங்கள். ஆண்டுக்கு மேலே, நிலத்தின் நடுவில்தான் குறி இருக்கும், வேறெங்கும் இருக்காது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, போன் லைட்டைப் பக்கவாட்டில் பிடியுங்கள். அச்சில் எழுத்து குழியாக வெட்டப்பட்டிருக்கும். அடிக்கும்போது தங்கம் அதற்குள் ஏறும். ஆகவே உண்மையான எழுத்து மேலே எழும்பி நிற்கும். கீறல் உள்ளே இறங்கும். தள்ளப்பட்ட தங்கம் அதன் ஓரத்தில் வரம்பு கட்டியிருக்கும். பதக்கமாகக் கோத்த காசில் பொடி வைத்து ஒட்டிய இடமும் மேடாகத்தான் தெரியும். ஆனால் அது உருவமில்லாத திட்டு, பெரும்பாலும் விளிம்போரம் இருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. 1918ஆம் ஆண்டுச் சவரின் எதுவும் லண்டனில் அடிக்கப்படவில்லை. அந்த ஆண்டுக் காசில் எழுத்தே இல்லையென்றால், ஒன்றில் அது தேய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு போலி.

வீட்டில் பழைய சவரின் இருந்தால், மினுக்கவோ உருக்கவோ கொடுக்க முதல் ஒருமுறை பாருங்கள். பம்பாய்க் காசுக்கும் சிட்னிக் காசுக்கும் எடை ஒன்று, படம் ஒன்று, ராசாவும் ஒருவர். உருக்கினால் எடை மிஞ்சும். எங்கே அடித்தது என்று சொல்லும் அந்த ஒற்றைக் கோடு மிஞ்சாது.