பறவைக்குஞ்சுப் பாதுகாப்பு (தமிழ்நாடு)

கூட்டிலிருந்து விழும் பறவைக்குஞ்சுகளைக் காக்கும் வழக்கம், தமிழ்நாட்டின் சில ஏரிக்கரை ஊர்களில் வனச் சட்டங்களுக்கு முற்பட்டது. நீர்ப்பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயல்களுக்கு உரமாவதால், உழவர்கள் அவற்றைத் துன்புறுத்தாமல் காத்தனர்.

வரலாறு

வேடந்தாங்கலில் ஆங்கிலேயப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டதால் ஊரார் முறையிட்டனர். 1798 இல் ஆட்சியர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் கவுல் ஆணையை அவர்களுக்கு வழங்கினார்.

மதுரைக்கு அருகே, சிவகங்கை மாவட்டத்தில் உள்ள வேட்டங்குடி 1977 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கூடுகளில் குஞ்சுகள் இருக்கும் மழைக்காலத்தில் தீபாவளி வருவதால், அங்குள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பட்டாசு வெடிப்பதில்லை.

1994 இல் சரணாலயமான திருநெல்வேலி மாவட்டக் கூந்தன்குளத்தில், மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு மரங்களிலும் கூடு கட்டுகின்றன. காற்றிலும் மழையிலும் விழும் குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்துப் பறக்கவிட்டவர் வனத்துறையின் பறவைக் காவலர் பால்பாண்டி.

சட்டம்

1972 ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், காட்டுப்பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்றே கொள்கிறது. பாதுகாக்கப்பட்ட பறவை ஒன்று எவ்வகையிலேனும் ஒருவர் கைக்கு வந்தால், 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறை அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். ஆகவே, இரக்கத்தால் எடுத்த கிளிக்குஞ்சையும் கூண்டில் வைத்து வளர்ப்பது குற்றமாகும்.

குஞ்சைக் கண்டால்

இறகு முளைத்து, தத்தித் தாவும் குஞ்சு பெரும்பாலும் பறக்கப் பழகுவதே. தாய்ப்பறவை அருகிலிருந்து இரையூட்டும். பூனை, நாய் அண்டாமல் பார்த்துக்கொண்டு விலகி நிற்பதே போதும்.

இறகு முளைக்காத குஞ்சைக் கூடு தெரிந்தால் அதிலேயே வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற நம்பிக்கை தவறு. பெரும்பாலான பறவைகள் மணத்தைக் கொண்டு குஞ்சை அடையாளம் காண்பதில்லை.

காயமுற்ற குஞ்சைத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, நிழலில் வைக்க வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலுக்குள் போய்க் குஞ்சு இறக்கக்கூடும். பாலும் சோறும் ஒவ்வாதவை.

எழுமலை போன்று அருகில் பறவைகள் சரணாலயம் இல்லாத ஊர்களில், வனச்சரக அலுவலகத்துக்கு உடனே தெரிவித்து, அரசு கால்நடை மருத்துவரின் உதவியையும் நாடலாம்.