பீரங்கி அளந்த நிலம்

நிலத்தைக் கோல் வைத்து அளந்தவர்கள் உண்டு. கயிறு பிடித்து அளந்தவர்கள் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் சங்கிலி போட்டு அளந்தார்கள். வாமன மூர்த்தி காலாலேயே அளந்தார். பீரங்கிக் குண்டால் நிலம் அளந்த கதையும் ஒன்று உண்டு. அது எங்கோ கண்காணாத தேசத்தில் நடந்ததல்ல. நம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் நடந்தது.

வருஷம் 1690. செஞ்சிக் கோட்டையில் சிவாஜியின் மகன் இராஜாராம் இருந்தார். மொகலாயர் படை அவரை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் கிழக்கிந்தியக் கும்பினியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டை மட்டுமா? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எட்டுகிற தூரம் வரைக்கும் உள்ள நிலமும் அதனுடன் சேர்த்தி என்று ஒப்பந்தம். மகாபலிச் சக்கரவர்த்தி "மூன்றடிதானே!" என்று எண்ணிய மாதிரி, மராட்டியரும் "ஒரு குண்டுதானே!" என்று எண்ணினார்களோ என்னவோ!

சென்னையில் அப்போது கவர்னர் எலிஹு யேல் துரை. சென்னையிலிருந்து பெரிய பித்தளைப் பீரங்கி ஒன்று வந்து சேர்ந்தது. மருந்தை எப்படிக் கெட்டித்து, எப்படிச் சுட்டால் குண்டு அதிக தூரம் போகும் என்பது பீரங்கிக்காரனுடைய சாமர்த்தியம் என்ற தகவலும் கூடவே வந்தது. செப்டம்பர் மாதம் பல திக்குகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்கள் கும்பினிக்குச் சொந்தமாயின. கடலூர்ப் பட்டணமும் அதற்குள் அடக்கம். அவற்றுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்ற பெயரும் வெகுகாலம் நிலைத்துவிட்டது. காலையில் மராட்டியருக்கு வரி கொடுக்க வேண்டியிருந்த குடியானவன், மாலையில் கும்பினியாரின் குடியாகிவிட்டான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒப்பந்தத்தில் இருந்த இங்கிலீஷ்ச் சொல் 'ராண்டம் ஷாட்'. இன்று அதைக் கேட்டால் குறியில்லாமல் சுடுவது என்று அர்த்தம் செய்துகொள்வோம். அக்காலத்துப் பீரங்கிக்காரர் பாஷையில் பொருளே வேறு. குழாயைப் படுக்கையாக வைத்து நேரே சுடுவது ஒரு வகை. வாயை வானத்தை நோக்கித் தூக்கி, எட்டுகிற மட்டும் சுடுவது 'ராண்டம்'. ஆகவே ஒப்பந்தம் எழுதியவர் விஷயம் தெரிந்தவர்தான்!

சரி, எவ்வளவு தூக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு இத்தாலியில் தார்த்தாலியா என்ற கணித நிபுணர் 1537-லேயே புத்தகம் போட்டு விடை சொல்லியிருந்தார். படுக்கைக்கும் செங்குத்துக்கும் சரிபாதியான 45 பாகையில் சுட்டால்தான் குண்டு அதிக தூரம் போகும் என்றார். சிறுவனாக இருந்தபோது பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவன் முகத்தில் வெட்டியதால் வாய் திக்கிப்போனவர் அவர். மனிதரைக் கொல்லும் வித்தையைச் சீர்திருத்துவது பாபம் என்று அஞ்சித் தம் எழுத்தையெல்லாம் அழித்துவிட எண்ணியிருந்தவர், துருக்கியர் படையெடுத்து வருகிறார்கள் என்ற பயம் பிறந்ததும் மனத்தை மாற்றிக்கொண்டார். இந்த வித்தையைப் பற்றி எழுதியவர்களுக்கெல்லாம் எப்படியோ ஒரு 'துருக்கியர்' கிடைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

குண்டு போகும் பாதையின் வடிவத்தைச் சரியாகச் சொன்னவர் கலிலியோ. வீட்டுக் காவலில் அடைபட்டு, கண் பார்வையும் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் எழுதிய நூல் 1638-ல் ஹாலந்து தேசத்தில் அச்சாயிற்று. எறியப்பட்ட பொருளுக்கு ஒரே சமயத்தில் இரண்டு சலனங்கள் உண்டு. ஒன்றுக்கொன்று குறுக்கே வருவதில்லை என்றார் அவர். பக்கவாட்டில் அது ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கீழ்நோக்கி, கையிலிருந்து நழுவிய கல்லைப் போலவே விழுந்துகொண்டிருக்கும். விழுகிற பொருள் முதல் விநாடியில் 16 அடி விழும், இரண்டாவதில் 48, மூன்றாவதில் 80. இரண்டும் சேர்ந்து வளைந்த ஒரு கோடாகின்றன. அதைப் பரவளைவு என்கிறார்கள். தோட்டத்துக் குழாயைச் சற்றே மேலே தூக்கிப் பிடித்தால் தண்ணீர் போடுகிறதே ஒரு வளைவு, ஏறக்குறைய அதுதான்.

இவ்வளவும் காற்றில்லாத உலகத்துக்குப் பொருந்தும். பீரங்கிக் குண்டின் அசுர வேகத்தில் காற்று குறுக்கிடும் என்று கலிலியோவே எச்சரித்திருந்தார். நியூட்டனும் காற்றின் தடையைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால் பீரங்கி சாஸ்திரம் எழுதியவர்களில் பலர், கனத்த இரும்பை மெல்லிய காற்று என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டார்கள்.

அப்படி இராதவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற இங்கிலீஷ்காரர். யுத்தமே கூடாது என்னும் குவேக்கர் குடும்பத்தில் 1707-ல் பிறந்தவர், பீரங்கி சாஸ்திரத்தையே தம் தொழிலாக்கிக்கொண்டார்! குண்டின் வேகத்தை அளக்க அவர் கண்ட உபாயம் வெகு சுலபமானது. சுமார் 56 ராத்தல் எடையுள்ள ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதிலுள்ள கட்டையின் மேல் துப்பாக்கியால் சுட்டார். குண்டு கட்டைக்குள் புதையும். ஊசல் பின்னால் ஆடும். ஆடிய தூரத்தை அதில் கட்டிய நாடா காட்டிவிடும். அதிலிருந்து ஊசலின் வேகம் தெரியும்; எடைகளைத் தெரிந்துகொண்டால் குண்டின் வேகமும் வந்துவிடும். துப்பாக்கிக்கு அருகில் வைத்து ஒரு தடவை, தள்ளி வைத்து ஒரு தடவை சுட்டால், வழியில் காற்று பறித்துக்கொண்ட வேகம் எவ்வளவு என்பதும் வெளியாகிவிடும்.

1742-ல் அவர் புத்தகம் வந்தபோது பழைய கணக்கெல்லாம் ஆட்டம் கண்டது. 24 ராத்தல் குண்டு விநாடிக்கு 1650 அடி வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 பாகையில் சுட்டால் பரவளைவுக் கணக்குப்படி 16 மைல் போக வேண்டும். நடைமுறையில் மூன்று மைல்கூடப் போவதில்லை! மிச்சம் பதின்மூன்று மைலையும் காற்று விழுங்கிவிடுகிறது. மகா கணித நிபுணரான ஆய்லர் இந்த நூலை 1745-ல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கமும் எழுதினார்.

இத்தகைய மனிதரைக் கும்பினியார் 1749-ல் தங்கள் தலைமை எஞ்சினீயராக நியமித்தார்கள். பிரெஞ்சுக்காரர் 1746-ல் சென்னையைப் பிடித்ததிலிருந்து கும்பினியின் இந்தக் கரைத் தலைமையிடம் தேவனாம்பட்டினம்தான். 1750 ஜூலையில் ராபின்ஸ் அங்கே வந்து இறங்கினார். கோட்டைகளைப் பலப்படுத்தும் வேலை. ஒரு வருஷம் ஆவதற்குள் விஷஜுரம். 1751 ஜூலை 29-ந் தேதி, நாற்பத்து நாலாவது வயதில், தேவனாம்பட்டினத்திலேயே காலமானார். காற்றின் பலத்தைக் கணக்கிட்டவர், ஊரின் ஜுரத்தைக் கணக்கிட முடியவில்லை.

அவர் பலப்படுத்த வந்த கோட்டையை 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளிவிட்டார். ராபின்ஸ் எழுதிய கணக்கு மட்டும் இடியவில்லை.

அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு 1690-ஐத் திரும்பிப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. பீரங்கிக்காரன் தன் சாமர்த்தியம் முழுவதையும் காட்டியிருப்பான். மருந்துக்கும் குறைவு வைத்திருக்க மாட்டான். அப்படியிருந்தும் குண்டு கொஞ்ச தூரத்தில் விழுந்தது. காற்று மட்டும் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனையோ ஊர்கள் அன்றைக்கே கும்பினியார் கைக்குப் போயிருக்கும். தேவனாம்பட்டினத்துக்குப் போகிறவர்கள் மேற்கே பரந்து கிடக்கும் வயல்களையும் கொஞ்சம் பாருங்கள். கும்பினியின் எல்லை எந்த வரப்போடு நின்றது என்பதைத் தீர்மானித்தது இராஜாராமும் அல்ல, யேல் துரையும் அல்ல. கடற்கரையில் நம் மேல்துண்டைப் படபடக்க வைக்கிறதே, அந்தக் காற்றுதான்.