கடனாளியைச் சுற்றிய கோடு

கடன்காரன் என்னும் சொல் தமிழில் கொடுத்தவனையும் சுட்டும், வாங்கியவனையும் சுட்டும். மொழி இருவரையும் ஒன்றாக வைத்தாலும், வாழ்க்கையில் ஒருவன் தேடித் திரிபவன். மற்றவன் ஒளிந்து திரிபவன். தேடியவன் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்யலாம் என்பதற்குப் பழைய பாண்டி நாட்டில் ஒரு விந்தையான வழக்காறு இருந்தது.

1292ஆம் ஆண்டையொட்டிச் சீனத்திலிருந்து தாயகம் திரும்பிய வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, மாபார் எனப்பட்ட பாண்டி நாட்டுக் கடற்கரையில் தங்கினார். அவர் கூறுவது இது: தவணை மேல் தவணை சொல்லிக் கடனாளி ஏய்த்து வந்தால், கொடுத்தவன் அவனை எதிர்ப்படும் இடத்தில் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவான். பணத்தைக் கொடுக்கும் வரை, அல்லது தக்க பிணை காட்டும் வரை, கடனாளி அவ்வட்டத்தை விட்டு நகரலாகாது. தாண்டினால் கொலைத் தண்டனை. அந்நாட்டு மன்னனே அயல்நாட்டு வணிகன் ஒருவனுக்குக் கடன்பட்டுப் பலமுறை தட்டிக் கழித்தானாம். ஒருநாள் அவன் குதிரையில் நகர்வலம் வருகையில், வணிகன் குதிரையோடு சேர்த்துக் கோடு கீறிவிட்டான். மன்னன் அங்கேயே நின்றான். வணிகனின் கணக்கைத் தீர்த்த பின்னரே நகர்ந்தான். இதைத் தாம் நேரில் கண்டதாகப் போலோ சொல்கிறார்.

பயணிகள் கதையைப் பெருக்கிச் சொல்வது உண்டுதான். ஆனால் இரு நூற்றாண்டுகள் கழித்துக் கள்ளிக்கோட்டைக்கு வந்த இத்தாலியர் வர்த்தேமாவும், 1510இல் வெளியான தம் நூலில் இவ்வழக்கத்தையே விவரிக்கிறார். பச்சை மரக்கொம்பால் வட்டம் கீறுவதும், அரசன் பேரால் மும்முறை ஆணையிடுவதும் போலோவின் நூலில் இல்லாத செய்திகள். ஆகவே இது ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியதன்று எனக் கொள்ளலாம்.

இதில் வியப்பதற்குரியது கோடு அன்று. அடியாள் இல்லாத, உறவினர் இல்லாத, மொழி கூட அறியாத ஓர் அயலான், நாடாள்பவனையே நிறுத்த முடிந்தது என்பதுதான்.

வடநூலார் கடனை மீட்க ஐந்து வழிகள் கூறுவர். மனு நூலில் அவை அறவுரை, வழக்கு, சூழ்ச்சி, வழக்காறு, வலிமை என வருகின்றன. நான்காவதாகிய வழக்காறு, கடனாளியின் வாயிலில் அமர்ந்து நெருக்குவது என்பர் உரைகாரர். தர்ணா எனப் பிற்காலத்தில் வழங்கியது இதுவே. தமிழில் இதற்கு நெருங்கிய சொல் மறியல். மறித்தல் என்பதன் வழிவந்தது. ஈழத்தில் இச்சொல் சிறைவைப்பையும் குறிக்கும்.

ஆங்கிலேயர் இம்முறையைப் பொறுக்கவில்லை. தெய்வ சினம் வரும் என்று நம்பவைத்து வாயிலில் தர்ணா இருப்பதைக் குற்றத்திற்கு எடுத்துக்காட்டாகவே 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 508ஆம் பிரிவில் காட்டிற்று. 1871இல் இயற்றப்பட்ட நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டமும் அதைப் பின்பற்றி எழுந்ததே. கடன் வழக்கு தெருவிலிருந்து நீதிமன்றத்திற்குப் போயிற்று. பணமும் காலமும் உடையவர்க்கே அங்கு வழி எளிது என்பது வேறு கதை.

பின்னர் வாக்குறுதி தாளுக்கு மாறியது. காசோலை, உண்டியல் ஆகியவற்றுக்கான இந்தியச் சட்டம் 1881இல் வந்தது; எனினும் வங்கியில் பணமின்றித் திரும்பும் காசோலை அச்சட்டத்தில் குற்றமாகச் சேர்க்கப்பட்டது 1988இல்தான். அதன்படி, காசோலை திரும்பிய செய்தி கிடைத்தவர் 30 நாள்களுக்குள் எழுத்தில் அறிவிப்பு விடுக்க வேண்டும்; அதைப் பெற்றவர் பணம் செலுத்த 15 நாள்கள் உண்டு. அதற்குள் கொடுத்துவிட்டால் குற்றமில்லை; கொடாவிடில் இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சட்டம் இத்தனை தெளிவாக இருந்தும் அடியாட்கள் ஒழியவில்லை. கடனை வசூலிக்க வங்கிகள் முரடர்களை ஏவுவதை 2007இல் இந்திய உச்ச நீதிமன்றமே கண்டிக்க வேண்டியதாயிற்று.