கையெழுத்தா, டெபாசிட்டா? மக்களவைத் தேர்தலில் சுயேச்சை வேட்பாளரின் இடம்

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலின்போது, சேலம் மாவட்டம் நாமக்கல் தொகுதியில் சட்டமன்றத்துக்கு என்.பி. பொன்னுசாமி தாக்கல் செய்த வேட்புமனுவைத் தேர்தல் நடத்தும் அலுவலர் நிராகரித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் நடந்துகொண்டிருக்கையில் நீதிமன்றம் குறுக்கிடலாகாது என்று சொன்னதற்காக 1952 ஜனவரியில் வந்த அந்தத் தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதே தீர்ப்பில் இன்னொரு கூற்றும் உண்டு. வாக்களிக்கும் உரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் சட்டம் படைத்துத் தந்தவை. அந்தச் சட்டம் வகுக்கும் வரம்புகளுக்கு உட்பட்டவை என்பதே அது. இதன் விளைவு எளிதில் கண்ணில் படுவதில்லை. ஒரு சாதாரணச் சட்டத்திருத்தத்தின் மூலமே, கட்சி சாராத குடிமக்களுக்குத் தேர்தலின் கதவைச் சாத்திவிட முடியும் என்று வாதிட அது இடம் தருகிறது. 2015 மார்ச்சில் வெளியான சட்ட ஆணையத்தின் 255-வது அறிக்கை இதைத்தான் பரிந்துரைத்தது: பதிவு பெற்ற கட்சிகள் மட்டுமே வேட்பாளர்களை நிறுத்த வேண்டும், சுயேச்சைகளை விலக்கிவிட வேண்டும். அந்தப் பரிந்துரை நோயைச் சரியாகக் கண்டு மருந்தில் தவறிவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம். போலி வேட்பாளர்கள் பெருகுவது உண்மை. ஆனால் அவர்களைத் தடுக்க நாம் வைத்திருக்கும் வடிகட்டி பணம். அது போலிகளை உள்ளே விட்டு, உண்மையான எளிய குடிமக்களை வெளியே நிறுத்துகிறது. தொகுதி வாக்காளர்களின் கையெழுத்தே அங்கே இருக்க வேண்டிய வடிகட்டி.

முதலில் அரசமைப்பு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நாடாளுமன்ற உறுப்பினருக்கு வேண்டிய தகுதிகளை 84-வது பிரிவு வகுக்கிறது: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், மக்களவைக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும், சட்டம் குறிக்கும் பிற தகுதிகள் இருக்க வேண்டும். கட்சி என்ற சொல்லே அங்கே இல்லை. 1985-ல் 52-வது திருத்தம் கட்சித்தாவலைத் தடுக்கப் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தபோதுதான் அரசியல் கட்சி அரசமைப்புக்குள் முறையாக நுழைந்தது. அந்த அட்டவணையும் கட்சி சாராமல் வென்றவருக்குத் தனி விதி வைத்தது: வெற்றிக்குப் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் அவர் பதவி போய்விடும். அதாவது, சுயேச்சைக்கு விழுந்த வாக்கை, கட்சி சாராமலே இரு என்று தொகுதி இட்ட கட்டளையாக அரசமைப்பு ஏற்றுக்கொள்கிறது. கட்சிகளை நெறிப்படுத்த எழுதப்பட்ட சட்டமே சுயேச்சையைத் தனிவகைப் பிரதிநிதியாக மதித்திருக்கும்போது, அவரைத் தேர்தலின் இடைஞ்சலாக மட்டும் பார்ப்பது பொருந்தாது.

சுயேச்சைகளின் தேர்தல் வரலாறு வழக்கமாக ஒரு வீழ்ச்சிக் கதையாகச் சொல்லப்படுகிறது. 1952-ல் 37 பேர், 1957-ல் 42 பேர் மக்களவைக்குச் சென்றார்கள். 1996-ல் 10,600-க்கும் மேற்பட்டோர் நின்று 9 பேரே வென்றார்கள். 2024-ல் 3,900-க்கும் மேற்பட்டோரில் 7 பேர். வாக்காளர் பக்குவப்பட்டுத் தனிநபர்களைக் கைவிட்டுவிட்டார் என்பது இந்த எண்களுக்குச் சொல்லப்படும் விளக்கம். 1957-ன் 42 பேரை நெருங்கிப் பார்த்தால் அந்த விளக்கம் ஆட்டம் காண்கிறது. அவர்களில் நாமக்கல்லில் வென்ற ஈ.வெ.கி. சம்பத்தும் திருவண்ணாமலையில் வென்ற இரா. தர்மலிங்கமும் அடக்கம். திராவிட முன்னேற்றக் கழகம் அப்போது அங்கீகாரம் பெறாத கட்சி என்பதால் அதன் உறுப்பினர்கள் சுயேச்சைகளாகவே எண்ணப்பட்டார்கள். பத்தே ஆண்டுகளில் அந்தக் கட்சி தமிழ்நாட்டின் ஆட்சியைப் பிடித்தது. தேர்தல் கணக்கில் சுயேச்சை என்ற வகை, பழைய கட்சிகள் கேட்க மறுத்த குரல்கள் முதலில் பதிவான இடமாகவும் இருந்திருக்கிறது. நாமக்கல்லில் ஒரு மனுவை நிராகரித்த அதே சட்டம் ஆறாண்டுக்குள் அதே ஊரில் ஒரு புதிய இயக்கத்தை டெல்லிக்கு அனுப்பவும் வழி விட்டது. 1963-ல் ஆச்சார்ய கிருபளானி அம்ரோகா இடைத்தேர்தலில் சுயேச்சையாக வென்று, மக்களவையின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்ததையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

வென்ற சுயேச்சைகளில் சாதாரணக் குடிமக்கள் எத்தனை பேர் என்று கேட்டால் விடை கசப்பானது. பிகானேரில் 1952 முதல் ஐந்து முறை வென்ற கர்ணி சிங் அந்த ஊரின் அரச குடும்பத்தவர். 1957 முதல் 1971 வரை கான்பூரில் நான்கு முறை வென்ற எஸ்.எம். பானர்ஜிக்குத் தொழிற்சங்கம் பின்னால் நின்றது. 2024-ல் சாங்லியில் வென்ற விஷால் பாட்டீல் மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் வசந்ததாதா பாட்டீலின் பேரன். பூர்ணியாவில் வென்ற பப்பு யாதவ் முன்பே பலமுறை எம்.பி.யாக இருந்தவர். பெயரோ குடும்பமோ அமைப்போ கையில் உள்ளவர்தான் கட்சியில்லாமல் வெல்கிறார். ஊர் ஆசிரியர், ஓய்வுபெற்ற செவிலியர், குத்தகை விவசாயி நின்றால் வெல்வதில்லை. இதற்கு வாக்காளரின் தீர்ப்பு மட்டும் காரணமா, வாக்காளரிடம் அவர் போய்ச் சேரும் பாதையும் காரணமா என்பதே ஆராய வேண்டிய கேள்வி.

அந்தப் பாதையின் முதல் படி, படிவம் 2ஏ என்னும் வேட்புமனு. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்குத் தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். கட்சி வேட்பாளரின் சின்னம் பல ஆண்டுகளாகச் சுவரில் வரையப்பட்டு மக்கள் மனதில் பதிந்தது. சுயேச்சையோ மூன்று சின்னங்களை விருப்பமாக எழுதிக் கொடுத்துவிட்டு, மனுவைத் திரும்பப் பெறும் கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கெடுவுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டம் உறுதியளிப்பது 14 நாள். 2024-ல் ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரியாக ஏறத்தாழ 17.8 லட்சம் வாக்காளர்கள். அந்த 14 நாளில் அத்தனை பேருக்கும் தன் சின்னத்தைச் சொல்ல ஒரு நாளைக்கு 1.27 லட்சம் பேரை எட்ட வேண்டும். கடைசியில் வாக்குப்பதிவு இயந்திரத்தின் முன் நிற்பவரின் கண்ணோட்டத்தில் பாருங்கள். ஒரு பெட்டிக்குப் பதினாறு பொத்தான்கள். மேலே அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், அடுத்துப் பதிவு மட்டும் பெற்ற கட்சிகள், அவர்களுக்கெல்லாம் கீழே, பல நேரம் இரண்டாவது மூன்றாவது பெட்டியில், சுயேச்சைகள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 38-வது பிரிவே வகுத்துள்ள வரிசை இது.

பணத்தில் ஏற்றத்தாழ்வு இன்னும் ஆழமானது. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய். கட்சிக்கோ எந்த உச்சவரம்பும் கிடையாது. கட்சி தன் கொள்கையைப் பொதுவாகப் பரப்பச் செய்யும் செலவும், 40 நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும் வேட்பாளரின் கணக்கில் ஏறுவதில்லை. 1974-ல் உச்ச நீதிமன்றம் கன்வர்லால் குப்தா வழக்கில், கட்சி செய்யும் செலவையும் வேட்பாளரின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பின் சூடு ஆறுவதற்குள், கட்சியின் செலவுக்கு விலக்கு அளித்துச் சட்டமே திருத்தப்பட்டது. பின்னர் 2003-ல் அந்த விலக்கு குறுக்கப்பட்டாலும் பேச்சாளர்களின் பயணத்துக்கான சலுகை நீடிக்கிறது. கட்சிக்கு நன்கொடை தருபவர் வருமான வரியில் கழிவு பெறலாம். சுயேச்சைக்குத் தருபவருக்கு அந்தக் கழிவு இல்லை. ஒரே தொகுதியில் ஒரே பதவிக்கு நிற்கும் இருவரில் ஒருவர் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் கணக்கில் ஏற, மற்றவருக்காகப் பறக்கும் ஹெலிகாப்டர் ஏறாது என்றால், அதைச் சமமான போட்டி என்று சொல்ல முடியாது.

இத்தனையும் சரி, விளையாட்டு வேட்பாளர்களைத் தடுக்க வேண்டாமா என்பது முதல் எதிர்வாதம். 1996-ல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சாயிற்று. அதே ஆண்டு நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர். இந்த நெரிசலைக் கண்டுதான் நாடாளுமன்றம் அந்த ஆண்டே மக்களவை டெபாசிட்டை 500 ரூபாயிலிருந்து 10,000-ஆக உயர்த்தியது. 2009-ல் அது 25,000 ஆனது. 1998-ல் சுயேச்சைகளின் எண்ணிக்கை 1,900 அளவுக்குச் சரிந்தது உண்மை. ஆனால் 2019-ல் 3,461, 2024-ல் 3,900-க்கு மேல் என்று அது மீண்டும் ஏறிவிட்டது. அதைவிட முக்கியமானது, அந்த நெரிசல்கள் விளையாட்டாக நடக்கவில்லை என்பது. மொடக்குறிச்சியில் நின்றவர்கள் தங்கள் கோரிக்கைக்குச் செவிசாய்க்காத அரசைத் திரும்பிப் பார்க்க வைக்க முயன்ற விவசாயிகள். நல்கொண்டா, ஃபுளோரைடு கலந்த நீரைக் குடித்து எலும்பு வளைந்த மக்களின் மாவட்டம். 2019-ல் நிசாமாபாத்தில் களத்தில் இருந்த 185 பேரில் 170-க்கும் மேற்பட்டோர் மஞ்சளுக்கும் சிவப்புச் சோளத்துக்கும் விலை கேட்ட விவசாயிகள். டெபாசிட் 25,000 என்றபோதும் அவர்கள் நின்றார்கள். வாக்குச்சாவடிதோறும் 12 பெட்டிகளை அடுக்கி வைக்க வேண்டியதாயிற்று. அவர்கள் கேட்ட மஞ்சள் வாரியம் 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அதன் தலைமையகம் நிசாமாபாத்திலேயே அமைந்தது. அந்த வேட்புமனுக்களை மக்களின் கோரிக்கை மனுக்களாகவே படிக்க வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. சட்ட ஆணையமும் இதையே அழுத்திச் சொன்னது. வாக்காளரைக் குழப்ப, ஒரே பெயரில் டம்மி வேட்பாளர்கள் நிறுத்தப்படுகிறார்கள். 2004-ல் ஆலப்புழையில் வி.எம். சுதீரன் 1,009 வாக்குகளில் தோற்றார்; பெயர் ஒத்த ஒரு சுயேச்சை 8,000-க்கும் மேல் வாங்கியிருந்தார். 2014-ல் மகாசமுந்த் தொகுதியில் சந்து லால் சாகு என்ற பெயரிலோ அதை ஒத்த பெயரிலோ 11 பேர். ஆனால் ஒரு டம்மி வேட்பாளரால் ஆதாயம் அடைபவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் விடை களத்தில் உள்ள வலுவான போட்டியாளர்களில் ஒருவரிடமே போய் முடியும். அவர்களுக்கு 25,000 ரூபாய் ஒரு பொருட்டே இல்லை. டெபாசிட்டை எவ்வளவு உயர்த்தினாலும் டம்மி வருவார். வராமல் போவது குத்தகை விவசாயிதான். இந்தத் தந்திரத்தால் அடிபடுபவர் சுயேச்சையாகவும் இருக்கலாம் என்பதற்கு 2024 ராமநாதபுரம் சாட்சி. பலாப்பழச் சின்னத்தில் நின்ற முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்துக்கு எதிராக அதே பெயரில் மேலும் ஐவர் நின்றார்கள். டெபாசிட்டைத் திரும்பப் பெறும் விதியும் இப்படியே கோணலானது. செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும். சராசரித் தொகுதியில் அது ஏறத்தாழ 2 லட்சம் வாக்கு. ஒரு லட்சம் மக்கள் நம்பி வாக்களித்தவரையும் நாம் டெபாசிட் இழந்தவர் என்ற ஏளனப் பட்டியலில் சேர்க்கிறோம்.

எனவே வடிகட்டும் பொருளை மாற்ற வேண்டும். டெபாசிட்டைப் பெயரளவுக்கு இறக்கி, முன்மொழிபவர்களின் எண்ணிக்கையைப் பத்திலிருந்து ஆயிரமாக உயர்த்தி, ஒரு வாக்காளர் ஒரே ஒரு வேட்பாளருக்குத்தான் கையெழுத்திடலாம் என்று விதிக்கலாம். ஆயிரம் என்பது தொகுதி வாக்காளர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. ஊருக்கு உழைத்தவருக்கு அது கைக்கெட்டும் எண். பெயருக்காக மட்டும் கொண்டுவரப்படும் ஒருவருக்கு ஆயிரம் பேரின் பெயரையும் வாக்காளர் பட்டியல் எண்ணையும் திரட்டித் தருவது, 25,000 ரூபாயை நீட்டுவதைவிடப் பன்மடங்கு கடினம். ஆஸ்திரேலியாவில் பிரதிநிதிகள் சபைக்கு நிற்கும் சுயேச்சைக்கு 100 வாக்காளர் கையெழுத்து வேண்டும். 4 சதவீத வாக்கு பெற்றால் கட்டிய தொகை திரும்பி வரும். வாக்குச்சீட்டில் பெயர் வரிசை குலுக்கலில் முடிவாகும். 2013-ல் இண்டி என்ற கிராமப்புறத் தொகுதியில் கேத்தி மெக்கோவன், வீடு வீடாக நடந்த உரையாடல்களிலிருந்து எழுந்த குழுவின் துணையோடு 439 வாக்குகளில் வென்றார். 2022-ல் 151 இடங்களில் 10 பேர் சுயேச்சைகள். அங்குள்ள விருப்பவரிசை வாக்குமுறை இதற்குப் பெரிதும் உதவியது என்பதை மறைக்கக் கூடாது; நம் முறையில் அதே எண்ணிக்கையை எதிர்பார்க்கவும் கூடாது. ஆயினும் கையெழுத்தும் குலுக்கலும் வாக்குமுறையைச் சார்ந்தவை அல்ல. அவற்றை இங்கேயும் ஏற்கலாம்.

மூன்றாவது எதிர்வாதம் ஆட்சியின் நிலைத்தன்மை பற்றியது. சுயேச்சைகள் பெரும்பான்மையை விலை பேசுவார்கள் என்பார்கள். ஜார்க்கண்டில் 2006-ல் சுயேச்சை உறுப்பினர் மது கோடா முதல்வரானதும், பின்னாளில் நிலக்கரி ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டதும் அவர்கள் காட்டும் சான்று. அந்த அபாயம் உண்மைதான். ஆனால் கோடாவைத் தாங்கியவை கட்சிகளே. அவை கைகொடுக்காமல் ஒரு தனிநபர் முதல்வராக முடியாது. பத்தாவது அட்டவணையின் நான்காவது பத்தி, சட்டமன்றக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கினர் இணைப்பு என்ற பெயரில் மொத்தமாக இடம்பெயர வழி விட்டிருக்கிறது. சுயேச்சைக்கு அந்த வழியும் இல்லை. பொறுப்புள்ள ஆட்சிக்குக் கட்சிகள் தேவை என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. கட்சிகள் தேவை என்பதிலிருந்து கட்சிகள் மட்டுமே போதும் என்ற முடிவுக்குத் தாவுவதைத்தான் மறுக்கிறேன்.

கையெழுத்து முறைக்கும் குறைகள் உண்டு. ஆயிரம் கையெழுத்தைச் சரிபார்க்க அலுவலருக்கு நேரம் வேண்டும். ஆதிக்கம் மிகுந்த ஊர்களில் எளியவருக்குக் கையெழுத்திடவே மக்கள் அஞ்சலாம். முதல் குறைக்கு, மனுத்தாக்கலுக்கு முன்பே கையெழுத்துகளைப் பெற்றுச் சரிபார்க்கும் காலம் ஒதுக்கலாம். சின்னத்தையும் அப்போதே ஒதுக்கிவிட்டால் பிரசாரத்துக்கு நாள் கூடும். இரண்டாவது குறைக்கு, கையெழுத்திட்டோரின் பெயர்ப் பட்டியலைப் பொதுவில் ஒட்டாமல் அலுவலரிடமே வைக்கலாம். அப்படியும் அச்சம் முழுவதும் தீராது. ஆனால் அச்சத்தை எதிர்த்துக் கையெழுத்திட்ட ஆயிரம் பேர் சேர்ந்தால் அது ஓர் இயக்கத்தின் தொடக்கம். 25,000 ரூபாய் ரசீதிலிருந்து எந்த இயக்கமும் தொடங்குவதில்லை. நிற்கும் உரிமை சட்டம் தந்தது என்று 1952-ல் நீதிமன்றம் சொன்னது. சட்டம் தந்தது என்றால், அதைத் திருத்தமாகத் தரும் பொறுப்பும் சட்டத்தை இயற்றுபவர்களுடையதே. வேட்பாளரிடம் நாம் கேட்க வேண்டியது, உன்னை அறிந்து உனக்காகப் பெயர் கொடுக்க இந்தத் தொகுதியில் ஆயிரம் பேர் இருக்கிறார்களா என்பது ஒன்றே. இருக்கிறார்கள் என்று காட்டிவிட்டவரின் பெயர், எந்தக் கட்சியும் இல்லாமலே, முதல் பெட்டியின் முதல் பொத்தானுக்கு அருகிலும் வர வழி இருக்க வேண்டும்.