மந்தன்: ஒரு பெயரும் ஒரு வளையமும்

தங்கவயலின் தமிழிலும், தமிழ் வழங்கும் பிற ஊர்களில் போலவே, 'சனியன்' ஒரு வசைச்சொல். ஆனால் அச்சொல்லின் வேரில் வசை இல்லை. கூர்ந்த கண்காணிப்பே உள்ளது. வடமொழிச் 'சனைச்சரன்' என்பதற்கு மெல்லச் செல்பவன் என்று பொருள். 'மந்தன்' என்ற பெயரும் அதையே சுட்டும். தமிழின் 'காரி', 'கரியவன்' ஆகியவை அதன் மங்கிய நிறத்தைக் குறிப்பன. புறநானூற்றில் கபிலர் பாரியின் நாட்டைப் பாடும்போது ஆளும் 'மைம்மீன்' என்ற சொல்லும் இக்கோளையே குறிக்கும்.

மெல்லச் செல்வதன் அளவையும் முன்னோர் அறிந்திருந்தனர். சனி கதிரவனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகும். அதை 12 இராசிகளுக்குப் பகிர்ந்தால், ஓர் இராசிக்கு ஏறத்தாழ 2½ ஆண்டுகள். மூன்று இராசிகளுக்கு 7½ ஆண்டுகள். நாம் அஞ்சும் 'ஏழரை' இந்த எளிய கணக்கிலிருந்து பிறந்ததே.

கதிரவனிலிருந்து ஆறாவதான இக்கோள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனது. புவியைப் போல் 95 மடங்கு நிறை கொண்டது. ஆயினும் அதன் சராசரி அடர்த்தி நீரைவிடக் குறைவு. மந்தன் என்று பெயர் பெற்ற இக்கோள் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள 10½ மணி நேரமே எடுத்துக்கொள்கிறது என்பது வியப்பு.

1610இல் கலிலியோ தம் தொலைநோக்கியில் இதனை மூன்று உடல்கள் சேர்ந்ததாகக் கண்டார். அது ஒரு வளையம் என்று 1659இல் ஹைகன்ஸ் விளக்கினார். 1675இல் காசினி வளையத்தில் ஓர் இடைவெளியைக் கண்டார். 1850இல் ஒளி மங்கிய உள்வளையம் ஒன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே கண்டறியப்பட்டது.

இவ்விடத்தில் வரலாறு சென்னைக்கு வருகிறது. 1786இல் வில்லியம் பெட்ரி தம் சொந்த முயற்சியில் தொடங்கி, 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்ற சென்னை வானாய்வகத்தின் இயக்குநராக இருந்தவர் கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப். அந்த மங்கிய வளையத்தின் ஊடாகக் கோளின் உடல் தெரிவதை அவர் 1852இல் கண்டார். அதே ஆண்டில் மால்ட்டாவிலிருந்து லாசலும் அதைக் கண்டார். ஊடுருவிப் பார்க்கக்கூடிய ஒன்று திண்ணிய தட்டாக இருக்க இயலுமா என்ற வினா இதனால் வலுப்பெற்றது. வளையங்கள் எண்ணற்ற சிறு துகள்களாலேயே ஆனவை என்று 1859இல் வெளியான நூலில் மேக்ஸ்வெல் கணிதத்தால் நிறுவினார். 1895இல் கீலர் நிறமாலை ஆய்வால் அதை உறுதிப்படுத்தினார். அத்துகள்கள் பெரும்பாலும் நீர்ப்பனிக்கட்டி என்பதை இன்று அறிவோம்.

அவ்வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில் நிற்கிறது. ஆசியாவில் கணித அறிவியலை முதன்முதலில் நட்டது பிரித்தானியரின் வள்ளன்மையே என்று அது பறைசாற்றுகிறது. அத்தூணில் தமிழிலும் எழுத்துகள் உண்டு. ஆனால், மெல்லச் செல்லும் கோளின் வேகத்தைக் கணக்கிட்டுப் பெயரிட்டவர்கள் அத்தூணுக்குப் பன்னூறாண்டுகள் முன்பே இம்மண்ணில் வாழ்ந்தார்கள். நுங்கம்பாக்கத்தில் நிகழ்ந்தது விதைப்பு அன்று. நெடுங்கால வான்நோக்கில் ஒரு புதிய கட்டம்.

2025 மார்ச்சில் புவியிலிருந்து பார்க்கையில் விளிம்பாகத் தெரிந்த வளையங்கள் மீண்டும் மெல்லத் திறந்து வருகின்றன. சிறு தொலைநோக்கியிலேயே அவை தெரியும். 'சனியன்' என்ற சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அதனை ஒருமுறை காட்டுங்கள்.