கணினி அறிவியல் நுழைவு: கோட்டாவிலிருந்து கூடுதல் கணிதம் வரை

மாணவர்களே, "கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கணும் சார், எஸ்.டி.பி.எம்மில் என்ன பாடம் எடுக்கலாம்?" என்று கேட்கிறீங்க. விடையில் பாதி எஸ்.பி.எம்மிலேயே முடிந்துவிடுகிறது. ஏன் என்று தெரிய, கொஞ்சம் பின்னே போகணும்.

1970-களிலிருந்து நம் அரசாங்கப் பல்கலைக்கழக இடங்கள் இன அடிப்படையிலான கோட்டாவின்படி ஒதுக்கப்பட்டன. 2002-இல் அதற்குப் பதிலாக மெரிட் முறை வந்தது. ஆனால் எஸ்.டி.பி.எம். வேறு, மெட்ரிகுலேஷன் வேறு; இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாமா என்ற வாதம் அன்றே கிளம்பியது, இன்னும் ஓயவில்லை. இன்று மெரிட் புள்ளியில் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10.

புள்ளி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. மலேசியத் தகுதி முகமையின் 2015-ஆம் ஆண்டுக் கணினித்துறைத் தரநிலை, கணினி அறிவியல் இளங்கலைக்கு எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் கிரெடிட் கேட்டது. அது இல்லாமல் கணிதத்தில் மட்டும் கிரெடிட் வாங்கியவர், அந்தத் தரநிலைப்படி, சேர்ந்தபின் வலுவூட்டல் கணிதம் படிக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகங்கள் இதற்கு மேலும் கேட்கலாம்.

முன்பெல்லாம் அறிவியல் பிரிவுக்குப் போனால் கூடுதல் கணிதமும் கூடவே வந்துவிடும். 2020-இல் படிவம் 4-இல் அறிவியல், கலைப் பிரிவுகள் நீக்கப்பட்டன. இப்போ பாடத்தை மாணவரே தேர்ந்தெடுக்கணும். "அது கஷ்டம், வேணாம்" என்று பதினாறு வயதில் ஒதுக்கிவிடுவதும் சுலபமாகிவிட்டது!

ஆசிரியர்களே, படிவம் 3 முடியும்போது பாடத்தேர்வுப் பாரத்தோடு, மாணவர் விரும்பும் துறையின் அந்த ஆண்டுத் தகுதி விவரத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்க.