அளவு குறைந்தாலும் ஆபத்து

ஹைதராபாத்திலிருந்து மும்பை செல்லும் நெடுஞ்சாலையில் பட்டான்செரு என்னும் ஊர் அமைந்துள்ளது. மேலைச் சாளுக்கியர் காலத்துப் பொட்டலகெரே இதுவே என்று வரலாற்று அறிஞர் கருதுவர். இக்காலத்தில் இவ்வூர்க்குப் பெருமை தருவன இரண்டு. ஒன்று, 1972-ஆம் ஆண்டில் தோன்றி, துவரை, கொண்டைக்கடலை முதலிய பயிர்களை ஆராயும் சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம். மற்றொன்று, மருந்துத் தொழிற்சாலைகள். பயிரும் மருந்தும் அடுத்தடுத்து விளங்கும் இவ்வூரை எண்ணும்பொழுது, பயிரிலிருந்தே பிறந்த ஒரு மருந்தின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. இரத்தம் வேண்டாத இடத்தில் உறையாமல் காக்கும் வார்பரின் என்பதே அம்மருந்து.

1920-ஆம் ஆண்டுகளில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் கால்நடைகள் சிறு காயம் பட்டாலும் இரத்தம் நில்லாமல் மடிந்தன. அவரை இனத்தைச் சேர்ந்த ஸ்வீட் குளோவர் என்னும் தீவனம் பூஞ்சை பிடித்துக் கெட்டதே இதற்குக் காரணம் என ஸ்கோபீல்ட் என்னும் கால்நடை மருத்துவர் கண்டறிந்தார். 1933-இல் ஒரு குடியானவர், இறந்த பசுவின் உறையாத இரத்தத்தைப் பாத்திரத்தில் ஏந்தி, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பாரின் ஆய்வுக்கூடத்தை அடைந்தார். ஆறாண்டு உழைப்பின் பயனாக, 1939-இல் அந்நச்சுப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வழிவந்த வார்பரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதருக்குரிய மருந்தாயிற்று. மறு ஆண்டு மாரடைப்புற்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவருக்கும் அது கொடுக்கப்பட்டது.

எலியைக் கொல்லும் பொருள் என்ற அச்சத்தால், மாத்திரையைக் குறைத்து உண்பதே நலம் என்று கருதுவோர் உண்டு. அளவு மிகுந்தால் இரத்தப்போக்கு நேரும் என்பது உண்மையே. ஆயின், அளவு குறைந்தால் நேரும் கேடு அதனினும் சிறிதன்று. அது ஓசையின்றி வருவது.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. கீல்வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுற்றோர் இங்குப் பலர். அவர்களுக்கெனத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தானும் அவர்தம் குழுவினரும் செயற்கை வால்வு ஒன்றை உருவாக்கினர். முன் மாதிரிகள் தோற்றும் மனந்தளராத அவர்கள், 1990-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அதனை முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பொருத்தினர். உயிர்காக்கும் அவ்வால்வில் இரத்தம் உறைந்து படியும் இயல்பும் உண்டு. ஆதலின் வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டும். அளவு குறையின் வால்வின் தட்டு அசையாது சிக்கிக்கொள்ளலாம். உறைந்த துளி பிரிந்து மூளையை அடைந்து பக்கவாதம் விளைக்கலாம்.

தக்க அளவை அறிவது எங்ஙனம்? முற்காலத்தில் ஒரே இரத்தத்துக்கு ஓர் ஆய்வுக்கூடம் ஓர் எண்ணும், மற்றொன்று வேறெண்ணும் கூறின. இக்குழப்பத்தை நீக்க, 1983-இல் உலக சுகாதார நிறுவனம் பொது அளவுகோல் ஒன்றை ஏற்படுத்தியது. ஐ.என்.ஆர். எனப்படும் அவ்வெண், மருந்துண்ணாதவர்க்கு ஏறக்குறைய 1 ஆகும். மருந்துண்போர் பலர்க்கு 2 முதல் 3 வரை இருத்தல் வேண்டும். சில செயற்கை வால்வுகளுக்கு இன்னும் சற்று மிகுதி வேண்டும். 2-க்குக் கீழ் இறங்க இறங்க ஆபத்து ஏறும்.

பிறமாநிலங்களில் வாழும் நாம் இதனை நன்கு உணர்தல் வேண்டும். ஊர் மாறினால் உணவு மாறுகிறது. கீரைகளில் மிகுந்துள்ள வைட்டமின் கே இம்மருந்தின் வேகத்தைத் தணிக்கும். திடீரெனக் கீரையை மிகுத்தால், மாத்திரையைக் குறைத்ததற்கு ஒப்பாகும். கீரையை விலக்க வேண்டுவதில்லை. நாள்தோறும் ஒரே அளவாக உண்டால் போதும். பண்டிகைக்கு ரயிலேறும்போது பலகாரப் பொட்டலத்தை மறவாத நாம், மாத்திரையையும் பரிசோதனைச் சீட்டையும் மறத்தலாகாது. ஒருவேளை தவறின், மறுநாள் இரட்டிப்பாக விழுங்காமல் மருத்துவரை வினவுக. பட்டான்செருவில் எடுத்த கணக்கைப் பாளையங்கோட்டை மருத்துவரும் படித்தறியும் பொருட்டே உலகம் ஒரு பொது எண்ணை வகுத்திருக்கிறது. அதனைப் பயன்படுத்திக்கொள்வது நம் கடமை.